'டவுட்' என்று எழுதினால் திருடன் தப்பிவிடுவான்!

வீட்டில் மோதிரம் காணாமல் போய்விட்டது. பீரோ பூட்டியபடியே இருக்கிறது. மோதிரம் மட்டும் இல்லை. வீட்டுக்காரருக்கு டிரைவர் மேல் சந்தேகம். போலீஸ் நிலையத்தில் கொடுப்பதற்காக இங்கிலீஷில் ஒரு மனு எழுதுகிறார்:

"ஐ டவுட் தட் மை டிரைவர் ஸ்டோல் த ரிங்."

"என் டிரைவர்தான் மோதிரத்தைத் திருடினார் என்று சந்தேகப்படுகிறேன்" என்பது அவருடைய நினைப்பு. ஆனால், அவர் எழுதியதற்கு அர்த்தம் என்ன தெரியுமா?

"என் டிரைவர் மோதிரத்தைத் திருடியிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை!"

புகார் கொடுக்க வந்தவர், டிரைவருக்கு நற்சாட்சிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்!

இதில் அவரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தமிழில் "சந்தேகப்படு" என்று ஒரே சொல்தான் இருக்கிறது. இங்கிலீஷில் அது இரண்டாகப் பிரிகிறது. "அப்படி இருக்காது" என்று சந்தேகப்பட்டால் 'டவுட்'. "அப்படித்தான் இருக்கும்" என்று சந்தேகப்பட்டால் 'சஸ்பெக்ட்'. இரண்டும் நேர் எதிர்.

ஒருவர் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டிருக்கிறார். "ஐ டவுட் தட் ஹீ இஸ் இல்" என்றால், "அவருக்கு உடம்புக்கு ஒன்றும் இருக்காது" என்று பொருள். "ஐ சஸ்பெக்ட் தட் ஹீ இஸ் இல்" என்றால், "அவருக்கு ஏதோ நோய் இருக்கிறது போல் இருக்கிறது" என்று பொருள். முதலாவது கோபம். இரண்டாவது கவலை.

நம் வீட்டுக்காரர் 'சஸ்பெக்ட்' என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

வீடே திருட்டுப் போய்விட்டதா?

அதே மனுவில் இன்னொரு வரி. "மை ஹவுஸ் வாஸ் ஸ்டோலன்." என் வீட்டில் திருடிவிட்டார்கள் என்று சொல்ல வந்தார். வீட்டையே பெயர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதிவிட்டார்!

'ஸ்டீல்' என்பது பொருளைத் திருடுவது. மோதிரம், பணம், கோழி, சைக்கிள், இவற்றுக்கு முன்னால் 'ஸ்டீல்' வரும். 'ராப்' என்பது ஆளையோ இடத்தையோ பறிகொடுக்க வைப்பது. ஆள், வீடு, பாங்கி, இவற்றுக்கு 'ராப்' வரும். மோதிரம் "ஸ்டோலன்". மோதிரத்தை இழந்த வீடு "ராப்ட்". ஆளைப் பார்த்து "ஸ்டோலன்" என்றால், ஆளையே கடத்திக்கொண்டு போய்விட்டதாக அர்த்தம்.

சட்டத்தில் இந்த இரண்டுக்கும் இருக்கும் தூரம் இன்னும் அதிகம். வெறும் திருட்டு வேறு. அடித்தோ, மிரட்டியோ, உயிர்ப்பயம் காட்டியோ பிடுங்குவது வேறு. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டமே அப்படித்தான் பிரித்தது. 2024 ஜூலை 1ந் தேதி அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அப்படித்தான் பிரிக்கிறது. பழைய சட்டமானாலும் புதிய சட்டமானாலும், சாதாரணத் திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை. மிரட்டிப் பறித்தால் 10 ஆண்டு வரை. பேச்சு வழக்கில் 'ராப்' என்பதைச் சற்றுத் தாராளமாகவே உபயோகிக்கிறார்கள். மனுவில் அந்தத் தாராளம் வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். புகார் மனுவை இங்கிலீஷில்தான் எழுதவேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. தமிழை ஆட்சி மொழியாக்கும் சட்டம் 1956ஆம் ஆண்டிலேயே நம் சட்டசபையில் நிறைவேறிவிட்டது. தமிழில் எழுதினால், டிரைவர் மேல் சந்தேகமா, டிரைவர் மேல் நம்பிக்கையா என்ற குழப்பமே வராது. இருந்தாலும், வேலைக்கு மனுப் போட, வெளியூருக்குக் கடிதம் எழுத, பிள்ளைகளின் பரீட்சைக்கு என்று இங்கிலீஷ் நம்மை விடுவதாக இல்லை. ஆகவே, அடிக்கடி ஆளை ஏமாற்றும் சில வினைச்சொற்களைப் பார்த்துவிடுவோம்.

'கேள்' என்பது ஒன்றா, ஐந்தா?

இந்த நாலு வாக்கியங்களையும் பாருங்கள்.

நான் ரேடியோ கேட்டேன். இடிச் சத்தம் கேட்டேன். ஒருவரிடம் வழி கேட்டேன். முதலாளியிடம் சம்பள உயர்வு கேட்டேன்.

நாலுக்கும் தமிழில் "கேட்டேன்" என்ற ஒரே சொல். இங்கிலீஷில் நாலுக்கும் நாலு விதம்.

இடிச் சத்தம் நாம் விரும்பிக் கேட்டது அல்ல. தானாக வந்து காதில் விழுந்தது. அதற்கு 'ஹியர்'. ரேடியோ அப்படி அல்ல. நாமே உட்கார்ந்து, காது கொடுத்துக் கேட்கிறோம். அதற்கு 'லிசன்'. அதன் பின்னால் 'டு' என்ற சிறு சொல்லையும் மறக்காமல் சேர்க்கவேண்டும். வழி கேட்பது 'ஆஸ்க்'. ஒரு பொருள் வேண்டும் என்று கேட்பது 'ஆஸ்க் ஃபார்'.

இந்த 'ஃபார்' சின்னச் சொல்தான். ஆனால், விட்டுவிட்டால் விஷயம் மாறிவிடும். "ஆஸ்க் த மேனேஜர்" என்றால், மானேஜரிடம் கேள். "ஆஸ்க் ஃபார் த மேனேஜர்" என்றால், மானேஜரைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி அவரைக் கூப்பிடச் சொல்.

ஐந்தாவதாக 'டிமாண்ட்' என்று ஒன்று இருக்கிறது. அதுவும் கேட்பதுதான். ஆனால், மேஜையைத் தட்டிக் கேட்பது! "ஐ டிமாண்ட் டூ டேஸ் லீவ்" என்று எழுதினால், "இரண்டு நாள் லீவு கொடுக்கிறாயா, இல்லையா?" என்று அதட்டுவதுபோல் ஆகும். லீவு கிடைக்காது. 'ரிக்வெஸ்ட்' என்று பணிவாக எழுதவேண்டும். "ஐ ரிக்வெஸ்ட் டூ டேஸ் லீவ்." அந்த இடத்தில் 'ஃபார்' வராது. நம் ஊர் லீவு மனுக்களில் பாதிக்கு மேல் அந்த வேண்டாத 'ஃபார்' உட்கார்ந்திருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இதில் கூடுதல் தொல்லை. பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் சாதாரணமாகக் கேட்பதுதான். அந்தச் சொல்தான் இங்கிலீஷுக்கு வந்து 'டிமாண்ட்' ஆயிற்று. வந்த இடத்தில் முரட்டுத்தனத்தைக் கற்றுக்கொண்டுவிட்டது.

'பார்' என்ற சொல்லும் இப்படித்தான். கண்ணில் படுவது 'ஸீ'. கண்ணைத் திருப்பிப் பார்ப்பது 'லுக்'. அதற்குத் துணை 'அட்'. நடப்பதைத் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றால் "ஸீ த டாக்டர்". அங்கே போய் "லுக் அட் த டாக்டர்" என்றால், அவரை முறைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வரவேண்டியதுதான். "வாட்ச் த டாக்டர்" என்றால் அவர்மேல் ஒரு கண் வைத்திருக்கவேண்டும்! வாட்ச்மேன் செய்கிற வேலை அதுதானே?

ராமன் கண்டுபிடித்ததும், பெல் கண்டுபிடித்ததும்

'கண்டுபிடி' என்ற தமிழ்ச் சொல்லுக்கு இங்கிலீஷில் மூன்று பங்காளிகள் இருக்கிறார்கள். 'ஃபைண்ட்', 'டிஸ்கவர்', 'இன்வென்ட்'.

காணாமல் போன சாவியைக் கண்டுபிடித்தால் 'ஃபைண்ட்'. அதில் குழப்பம் இல்லை. மற்ற இரண்டில்தான் பரீட்சையில் மார்க்குப் போகிறது.

முன்பே உலகில் இருந்த ஒன்றை, யாருக்கும் தெரியாமல் இருந்த ஒன்றை, முதன்முதலில் தெரிந்துகொண்டால் 'டிஸ்கவர்'. இல்லாத ஒன்றைப் புதிதாக உண்டாக்கினால் 'இன்வென்ட்'.

1928 பிப்ரவரி 28ந் தேதி சர் சி. வி. ராமன், ஒளி சிதறும்போது அதன் நிறத்தில் ஏற்படும் ஒரு மாறுதலைக் கண்டுபிடித்தார். அதற்காக 1930ல் நோபல் பரிசு பெற்றார். அந்த மாறுதலை அவர் உண்டாக்கவில்லை. உலகம் தோன்றிய நாள் முதல் ஒளி அப்படித்தான் சிதறிக்கொண்டிருந்தது. மனிதனுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஆகவே, ராமன் "டிஸ்கவர்ட்".

1876ல் அலெக்சாண்டர் கிரகாம் பெல் டெலிபோனுக்குக் காப்புரிமை வாங்கினார். காட்டிலோ, கடலிலோ டெலிபோன் விளைந்துகொண்டிருக்கவில்லை. மனிதன் செய்ததால் வந்தது. ஆகவே, பெல் "இன்வென்டட்".

ஹெர்ஷல் என்பவர் 1781ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். அவர் "டிஸ்கவர்ட்" என்றுதான் எழுதவேண்டும். தெரியாமல் "இன்வென்டட்" என்று எழுதினால், கிரகத்தைப் பட்டறையில் அடித்துச் செய்து ஆகாயத்தில் மாட்டினார் என்று ஆகும். 'இன்வென்ட்' என்பதற்கு "கட்டிவிடுதல்" என்ற அர்த்தமும் உண்டு. "ஹீ இன்வென்டட் எ ஸ்டோரி" என்றால், இல்லாத கதையைக் கட்டிவிட்டான்!

'ஃபைண்ட்' என்பதோடு சேர்ந்த இன்னொரு வம்பு. அதன் இறந்த காலம் 'ஃபவுண்ட்'. ஆனால், 'ஃபவுண்ட்' என்று தனியாகவே ஒரு வினைச்சொல் இருக்கிறது. அதற்கு, நிறுவுதல் என்று அர்த்தம். அதன் இறந்த காலம் 'ஃபவுண்டட்'.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857ல் நிறுவப்பட்டது. "வாஸ் ஃபவுண்டட் இன் 1857" என்று எழுதவேண்டும். "வாஸ் ஃபவுண்ட் இன் 1857" என்றால், எங்கோ தொலைந்து போயிருந்த பல்கலைக்கழகத்தை அந்த ஆண்டு தேடிக் கண்டுபிடித்தார்கள் என்று ஆகிவிடும்.

கோழி படுத்ததா, முட்டையிட்டதா?

இப்போது மிகப் பெரிய வம்புக்கு வருவோம். 'லை', 'லே' என்ற இரண்டு சொற்கள். இங்கிலீஷ்காரர்களே தடுமாறுகிற இடம் இது.

'லை' என்பதை எல்-ஐ-ஈ என்று எழுதுவார்கள். படு, கிட என்று அர்த்தம். 'லே' என்பதை எல்-ஏ-ஒய் என்று எழுதுவார்கள். படுக்க வை, கிடத்து, கீழே வை என்று அர்த்தம். குழந்தை தானாகப் படுத்தால் 'லை'. தாய் குழந்தையைத் தொட்டிலில் படுக்க வைத்தால் 'லே'. கோழி முட்டையிட்டாலும் 'லே'.

ஆகவே, "த ஹென் லேஸ்" என்றால் கோழி முட்டையிடுகிறது. "த ஹென் லைஸ் இன் த யார்ட்" என்றால் கோழி முற்றத்தில் படுத்துக் கிடக்கிறது.

இதுவரை சரி. இனிமேல்தான் வேடிக்கை. 'லை' என்பதன் இறந்த காலம் என்ன? 'லே'! நேற்று நான் படுத்தேன் என்பதற்கு "யெஸ்டர்டே ஐ லே டவுன்". அப்படியானால், 'லே' என்பதன் இறந்த காலம்? 'லெய்ட்'. போதாததற்கு, 'லை' என்று அதே எழுத்துக்களில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அதற்குப் பொய் சொல்லுதல் என்று அர்த்தம். அதன் இறந்த காலம் 'லைட்'. "ஹீ லே இன் பெட்" என்றால், படுக்கையில் கிடந்தான். "ஹீ லைட் இன் கோர்ட்" என்றால், கோர்ட்டில் பொய் சொன்னான்.

பெரிய பெரிய கவிஞர்களே இதில் வழுக்கியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கவிஞர் பைரன் பிரபு, 1818ல் வெளியிட்ட ஒரு நெடுங்கவிதைப் பகுதியில், 'லை' வரவேண்டிய இடத்தில் 'லே' போட்டுவிட்டார். எதுகைக்காகச் செய்தார் என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. இலக்கண வாத்தியார்கள் 200 ஆண்டுகளுக்குப் பிறகும் அவரை விடவில்லை. அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் 1969ல் வெளியிட்ட ஒரு பாட்டின் தலைப்பிலேயே இந்தப் பிழை இரண்டு தடவை வருகிறது. அதே பாப் டிலனுக்கு 2016ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள்!

ஆனால், தமிழர்களுக்கு இது கஷ்டமாக இருக்க வேண்டியதில்லை. ஏன் தெரியுமா? நாம் பிறந்ததில் இருந்து இதே வித்தியாசத்தைப் பிழை இல்லாமல் பேசிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று படித்தது ஞாபகம் இருக்கிறதா? தானே செய்தால் தன்வினை. மற்றொன்றைச் செய்ய வைத்தால் பிறவினை. உருள், உருட்டு. திருந்து, திருத்து. ஆடு, ஆட்டு. உண், ஊட்டு. பந்து உருண்டது என்போம். பையன் பந்தை உருட்டினான் என்போம். எழுத்து வாசனை இல்லாத பாட்டிகூட "பந்து உருட்டியது" என்று சொல்ல மாட்டாள்.

'லை' தன்வினை. 'லே' பிறவினை. அவ்வளவுதான்.

'சிட்', 'செட்' என்பதும் இதே ஜோடி. உட்கார்ந்தால் 'சிட்'. ஒரு பொருளை ஓர் இடத்தில் உட்கார வைத்தால் 'செட்'. 'ஃபால்', 'ஃபெல்' இன்னொரு ஜோடி. மரம் தானாக விழுந்தால் 'ஃபால்'. கோடாரியால் வெட்டி வீழ்த்தினால் 'ஃபெல்'. இங்கேயும் அந்தப் பழைய குறும்பு உண்டு. 'ஃபால்' என்பதன் இறந்த காலமும் 'ஃபெல்'தான். வீழ்த்தினான் என்பதற்கு 'ஃபெல்ட்'.

1,000 ஆண்டுகளுக்கு முந்திய பழைய இங்கிலீஷில் இப்படி ஜோடி ஜோடியாகப் பல சொற்கள் இருந்தன. நடுவில் உள்ள உயிரெழுத்தை மாற்றிப் பிறவினை உண்டாக்கினார்கள். பிற்காலத்தில் அந்த வழக்கம் மறந்துபோயிற்று. சில ஜோடிகள் மட்டும் மிஞ்சின. 'டிரிங்க்', 'டிரெஞ்ச்' என்பதும் அப்படி ஒரு ஜோடிதான். முன்பு 'டிரெஞ்ச்' என்றால் குடிக்க வைப்பது. இன்று, மழையில் தொப்பலாக நனைவதைச் சொல்கிறார்கள். வழக்கத்தை மறந்துவிட்டதால்தான் இங்கிலீஷ்காரர்களுக்கு இந்தத் தடுமாற்றம். நாம் மறக்கவில்லை.

விலை உயர்ந்ததா? உயர்த்தினார்களா?

அதே வரிசையில் இன்னும் ஒரு ஜோடி. இது பணப்பை சம்பந்தப்பட்டது. 'ரைஸ்', 'ரெய்ஸ்'. எழு, உயர் என்றால் 'ரைஸ்'. எழுப்பு, உயர்த்து என்றால் 'ரெய்ஸ்'. சூரியன் எழுவது 'ரைஸ்'. கையை உயர்த்துவது 'ரெய்ஸ்'.

'ரைஸ்' என்பதன் இறந்த காலம் 'ரோஸ்'. 'ரெய்ஸ்' என்பதன் இறந்த காலம் 'ரெய்ஸ்ட்'.

"ப்ரைஸஸ் ஹாவ் ரிஸன்" என்று ஒரு கடையில் அறிவிப்பு எழுதித் தொங்குகிறது. விலைகள் உயர்ந்துவிட்டன என்று அர்த்தம். யார் உயர்த்தியது? அதுவாகவே உயர்ந்துவிட்டது, மழை பெய்ததைப் போல! "வீ ஹாவ் ரெய்ஸ்ட் ப்ரைஸஸ்" என்று எழுதினால், நாங்கள் உயர்த்தினோம் என்று ஒப்புக்கொண்டதாக ஆகும். கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் பெரும்பாலும் முதல் வாக்கியத்தையே விரும்புவதில் ஆச்சரியம் இல்லை. தமிழிலும் "கட்டணம் உயர்கிறது" என்றுதானே அறிவிப்பு வருகிறது?

'ரிமெம்பர்', 'ரிமைண்ட்' என்பதையும் இதோடு முடித்துவிடலாம். ஞாபகம் வைத்திருப்பது 'ரிமெம்பர்'. ஞாபகப்படுத்துவது 'ரிமைண்ட்'. "நாளை எனக்கு ஞாபகப்படுத்துங்கள்" என்று சொல்ல நினைத்து "ப்ளீஸ் ரிமெம்பர் மீ டுமாரோ" என்றால், "நாளை என்னை நினைத்துக்கொள்ளுங்கள்" என்று ஊரை விட்டே போகிறவர் பேசுவதுபோல் இருக்கும்.

கடன் கொடுத்தவர் யார்?

பணம் கைமாறும் இடத்தில் சொல் மாறினால் சிரிப்பு வராது. 'பாரோ' என்றால் கடன் வாங்கு. 'லெண்ட்' என்றால் கடன் கொடு. பணத்துக்கும் இவைதான், பேனா, குடை, புத்தகம் இரவல் வாங்குவதற்கும் கொடுப்பதற்கும் இவைதான்.

"கேன் யூ பாரோ மீ யுவர் பென்?" என்று கேட்கும் மாணவர்கள் நிறைய. "உன் பேனாவை எனக்கு இரவல் வாங்குவாயா?" என்பது எவ்வளவு கோணலோ, அவ்வளவு கோணல் அதுவும். "லெண்ட் மீ யுவர் பென்" என்று கேட்கவேண்டும். அல்லது "மே ஐ பாரோ யுவர் பென்?" என்று கேட்கவேண்டும். முன்னதில் கொடுப்பவர் அவர். பின்னதில் வாங்குபவர் நான்.

பேனா போனால் போகட்டும். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரரிடம் ரூ.10,000 கடன் வாங்குகிறார். சீட்டு எழுதிக் கொடுக்கிறார். "ஐ ஹாவ் லெண்ட்..." என்று தொடங்கிவிட்டால், வாங்கியவர் கொடுத்தவராக மாறிவிடுகிறார். கோர்ட்டுக்குப் போனால் மற்ற சாட்சியங்களையும் பார்ப்பார்கள். ஆனாலும், ஒரு சொல்லுக்காகக் கோர்ட்டுப் படி ஏறுவானேன்? 'லெண்ட்' என்பதற்குப் பின்னால் ஆளைச் சொல்ல 'டு' வரும்: "அவருக்கு." 'பாரோ' என்பதற்குப் பின்னால் 'ஃப்ரம்' வரும்: "அவரிடம் இருந்து."

பாங்கிப் பாரங்களில் 'பாரோயர்' என்று போட்டிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போடுகிறவர் கடனாளி. 'லெண்டர்' என்பது பாங்கி. 'கேரண்டர்' என்று போட்டிருந்தால் அது ஜாமீன்தாரருக்கு உரிய இடம். "சும்மா ஒரு கையெழுத்து" என்று சிநேகிதர் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128வது பிரிவில், கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ அவ்வளவு பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்று கூறுகிறது. வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால்தான் விலக்கு. அந்த இங்கிலீஷ்ச் சொல் புரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணைக் கசக்கியவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.

வீட்டு வாடகையில் ஒரு சின்ன விஷயம். வீட்டுக்காரர் வாடகைக்கு விடுவது 'லெட்'. குடி வருகிறவர் வாடகைக்கு எடுப்பது 'ரென்ட்'. அதனால்தான் வாசலில் "டு லெட்" என்று பலகை தொங்குகிறது. தெருப் பையன்கள் அதன் நடுவில் ஓர் 'ஐ' எழுத்தைச் செருகிக் கழிவறை ஆக்கிவிடுவது வீட்டுக்காரர்களுக்குத் தெரிந்த பழைய தலைவலி.

சொன்னான், வென்றான், தொங்கினான்

'சே', 'டெல்' இரண்டுக்கும் தமிழில் "சொல்" தான். யாரிடம் என்பது ஒட்டி வந்தால் 'டெல்'. வராவிட்டால் 'சே'. "ஹீ டோல்ட் மீ" சரி. "ஹீ செட் மீ" தப்பு. "ஹீ டோல்ட் தட்" என்று யாரையும் குறிப்பிடாமல் தொடங்குவதும் தப்பு. "ஹீ செட் தட்" என்று சொல்லுங்கள்.

கிரிக்கெட் பார்க்கும் வீடுகளில் தினமும் நடக்கும் பிழை: "இண்டியா வன் ஆஸ்திரேலியா." ஆட்டத்தை வெல்லலாம், கோப்பையை வெல்லலாம், பரிசை வெல்லலாம். அதற்கு 'வின்'. எதிராளியை வென்றால் 'பீட்'. "இண்டியா வன் ஆஸ்திரேலியா" என்றால், ஆஸ்திரேலியாவையே பரிசாக வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்று அர்த்தம்! கிடைத்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

'ஹேங்' என்பதற்கு இரண்டு இறந்த காலம். படத்தைச் சுவரில் மாட்டினால் 'ஹங்'. மனிதனைத் தூக்கில் போட்டால் 'ஹேங்டு'. பழைய இங்கிலீஷில் வேறு வேறாக இருந்த சொற்கள் ஒன்றாகக் கலந்தபோது, கோர்ட்டுக்காரர்கள் மட்டும் ஒரு வடிவத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம், மரண தண்டனைத் தீர்ப்பை எப்படி எழுதவேண்டும் என்று சொல்லும் இடத்தில் 'ஹேங்டு' என்றே கூறியது. தாத்தாவின் படத்தை வரவேற்பறையில் மாட்டினோம் என்று சொல்ல வந்தவர், தாத்தாவையும் 'ஹேங்டு'வையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிடக் கூடாது.

நாம் பணக்காரர்கள்!

எல்லா இடத்திலும் இங்கிலீஷ்தான் பிரித்துப் பிரித்துச் சொல்கிறது என்று நினைக்கவேண்டாம். சேலை கட்டுகிறோம். சட்டை போடுகிறோம். நகை அணிகிறோம். பூச் சூடுகிறோம். பொட்டு வைக்கிறோம். செருப்பு மாட்டுகிறோம். இவ்வளவுக்கும் இங்கிலீஷ்காரனிடம் இருப்பது 'வேர்' என்ற ஒரே சொல். அவன் பூவையும் 'வேர்' செய்கிறான். செருப்பையும் 'வேர்' செய்கிறான். தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் "பொட்டுக் கட்டிக்கொண்டாள்" என்று சொல்லிவிட்டு விழிப்பார்.

உடுத்தும் செயலைச் சொல்ல 'புட் ஆன்' என்று ஒன்று அவர்களுக்கு உண்டு. உடுத்திக்கொண்டிருக்கும் நிலையைச் சொன்னால் 'வேர்'. காலையில் 6 மணிக்குச் சட்டை போட்டால் 'புட் ஆன்'. மாலை வரை அது உடம்பில் இருப்பது 'வேர்'.

'பிரிங்', 'டேக்' என்ற ஜோடியில் இருமொழியும் ஒத்துப்போகின்றன. இங்கே கொண்டு வா என்றால் 'பிரிங்'. அங்கே கொண்டு போ என்றால் 'டேக்'. தண்ணீர் கொண்டு வரச் சொல்லும்போது "டேக் வாட்டர்" என்று சொல்லிவிட்டால், வந்த தண்ணீரும் திரும்பிப் போய்விடும்.

'கோ', 'கம்' என்பதில்தான் நம் வழக்கம் அவர்களுக்கு விளங்குவது இல்லை. விடைபெறும்போது நாம் "போகிறேன்" என்று சொல்வது இல்லை. அது அபசகுனம். "போய்வருகிறேன்" என்போம், அல்லது "வருகிறேன்" என்றே சொல்லிவிட்டுப் படி இறங்குவோம். இதை அப்படியே "ஐ வில் கோ அண்டு கம்" என்று இங்கிலீஷில் சொன்னால், கேட்கும் வெளிநாட்டுக்காரர், நாம் கடைக்குப் போய்விட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பி வருவோம் என்று நினைத்து, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பார்.